வினையூக்கி சமநிலையை நகர்த்துமா? மீள்வினைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன் மாணவர் ஒருவரிடம் "சமநிலையில் இருக்கிற வினையில் வினையூக்கியைச் சேர்த்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் ஆகாது" என்று பதில் டக்கென்று வரும். ஏன் ஆகாது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அங்கேதான் வண்டி நிற்கும். "வினையூக்கி வினையை வேகப்படுத்தும் என்றுதானே படித்தோம்? வேகமாக நடந்தால் விளைபொருளும் கூடுதலாகக் கிடைக்க வேண்டாமா?"

நானும் படிக்கும் காலத்தில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டவன்தான். மனப்பாட வரியை எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. விஷயம் புரிந்தது பல வருடம் கழித்து, ஒரு எக்செல் தாளில் எண்களை ஓட்டிப் பார்த்த ஒரு மாலையில். அந்தத் தாளைக் கீழே இரண்டாம் படியில் தருகிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், இரண்டு தனித்தனிக் கேள்விகளை நாம் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறோம். கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது இன்னொன்று. வினையூக்கிக்கு இரண்டாவது கேள்வியில் மட்டும்தான் வேலை. இதை நம்பச் சொல்லவில்லை, படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

படி 1: ஒரு மீள்வினையைக் கையில் எடுங்கள்

பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது. இரு திசையிலும் நடக்கக்கூடிய (அதுதான் மீள்வினை) ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்வோம்:

அசிட்டிக் அமிலம் + எத்தனால் ⇌ எத்தில் அசிட்டேட் + நீர்

எத்தில் அசிட்டேட் என்பது ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் சேர்மம். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைத் திறந்ததும் வரும் பழ நெடி பல சமயம் இதனுடையதுதான்.

1862 வாக்கில் பெர்த்தலோ, பெயான் த சான் ஜீல் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்த வினையைப் பொறுமையாக அளந்தார்கள். பொறுமை என்று சும்மா சொல்லவில்லை. அறை வெப்பநிலையில், வினையூக்கி இல்லாமல், இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இழுக்கும். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) அமிலமும் ஒரு மோல் எத்தனாலும் கலந்தால், கடைசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராக மாறியிருக்கும். மீதி ஒரு பங்கு எத்தனை நாள் வைத்திருந்தாலும் மாறாது.

இன்னும் சுவாரசியம், எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் நடப்பது. ஒரு மோல் எஸ்டரையும் ஒரு மோல் தண்ணீரையும் கலந்து வையுங்கள். இப்போது எஸ்டர் உடையும். மூன்றில் ஒரு பங்கு உடைந்ததும் அதே இடத்தில் நின்றுகொள்ளும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே இடம்.

நின்றுகொள்ளும் என்றால் உள்ளே எல்லாம் உறைந்துவிட்டது என்று பொருளல்ல. எஸ்டர் உண்டாகிக்கொண்டே இருக்கிறது, அதே வேகத்தில் உடைந்துகொண்டும் இருக்கிறது. கணக்கில் மட்டும் மாற்றம் தெரியாது. பாடநூல் இதை இயங்குச் சமநிலை என்கிறது.

சமநிலை மாறிலியைப் போட்டுவிடலாம். சமநிலையில் இருக்கும் விளைபொருள்களின் அளவுகளைப் பெருக்கி, அதை வினைபடுபொருள்களின் அளவுகளின் பெருக்கலால் வகுத்தால் வருவதுதான் அது. எஸ்டரும் நீரும் தலா 2/3 மோல், அமிலமும் எத்தனாலும் தலா 1/3 மோல். மேலே 2/3 × 2/3, கீழே 1/3 × 1/3. வகுத்தால் 4. இந்த 4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படி வரை கூடவே வரும்.

இப்போது அதே கலவையில் சில துளி கந்தக அமிலம் விட்டுச் சூடேற்றினால், மாதக்கணக்கில் ஆகவேண்டிய வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஆனால் முடியும் இடம்? அதே மூன்றில் இரண்டு பங்கு. (சூடேற்றியதாலும் நகரவில்லையா என்று கேட்பீர்கள். இந்த வினையில் வெப்ப மாற்றம் மிக மிகக் குறைவு. அதனால் வெப்பநிலை சமநிலையை அசைப்பதில்லை என்றே சொல்லலாம். எல்லா வினைக்கும் அப்படியல்ல, ஐந்தாம் படியில் பார்ப்போம்.)

படி 2: எண்களை நீங்களே ஓட்டிப் பாருங்கள்

எக்செல் வேண்டும் என்றில்லை, நோட்டும் கால்குலேட்டரும் போதும். "அ" என்ற பொருள் "ஆ" ஆகிறது, "ஆ" திரும்ப "அ" ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி இவ்வளவுதான்: ஒவ்வொரு நிமிடமும் இருக்கிற "அ"வில் 4 சதவீதம் "ஆ"வாக மாறும், இருக்கிற "ஆ"வில் 1 சதவீதம் "அ"வாகத் திரும்பும்.

100 "அ"வோடு தொடங்குங்கள். முதல் நிமிடத்தில் 4 போகிறது, திரும்ப எதுவும் இல்லை. மிச்சம் 96. இரண்டாம் நிமிடத்தில் 96-இல் 4 சதவீதம், அதாவது 3.84 போகிறது. 4-இல் 1 சதவீதம், அதாவது 0.04 திரும்புகிறது. மிச்சம் 92.2. இப்படியே ஓட்டுங்கள்.

அடுத்து, வினையூக்கி போட்ட கணக்கு. வினையூக்கி இரண்டு பக்கத்தையும் 5 மடங்கு வேகப்படுத்துகிறது என்று கொள்வோம். 4 சதவீதம் 20 ஆகிறது, 1 சதவீதம் 5 ஆகிறது. (இரண்டு பக்கமும் ஏன் ஒரே மடங்கு என்று இப்போது கேட்காதீர்கள். அதற்குத்தான் அடுத்த இரண்டு படிகளும்.)

மிச்சமிருக்கும் "அ":

| நிமிடம் | வினையூக்கி இல்லாமல் | வினையூக்கியுடன் |
|---|---|---|
| 0 | 100 | 100 |
| 1 | 96 | 80 |
| 2 | 92.2 | 65 |
| 10 | 67.9 | 24.5 |
| 20 | 48.7 | 20.3 |
| 50 | 26.2 | 20 |
| 100 | 20.5 | 20 |

இரண்டு வரிசையும் 20-ஐ நோக்கித்தான் போகின்றன. ஒன்று 20 நிமிடத்தில் கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது, இன்னொன்று 100 நிமிடம் கழித்தும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறது. 20 "அ"வில் 20 சதவீதம் 4, 80 "ஆ"வில் 5 சதவீதம் 4. போவதும் வருவதும் சமம்.

பத்தாவது நிமிட வரியில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி "ஆ"வை அளந்தால், வினையூக்கி இல்லாத பாத்திரத்தில் 32.1, உள்ள பாத்திரத்தில் 75.5. இதைப் பார்க்கும் யாரும் "வினையூக்கி விளைபொருளைக் கூட்டுகிறது" என்றுதான் சொல்வார்கள். தவறான எண்ணம் பிறப்பது இந்த வரியில்தான். குறிப்பிட்ட நேரத்துக்குள் கிடைக்கும் அளவு கூடுகிறது என்பது உண்மை. சமநிலையில் இருக்கும் அளவு கூடவில்லை. தொழிற்சாலைக்காரர் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார், தேர்வுத்தாள் இரண்டாவதைக் கேட்கிறது.

இன்னொரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள். முன்னோக்கு வினையை மட்டும் 5 மடங்காக்கி, பின்னோக்கு வினையை 1 சதவீதத்திலேயே விடுங்கள். இப்போது "அ" 4.8 வரை இறங்கிவிடும். சமநிலை மாறிலி 4-லிருந்து 20-க்குத் தாவிவிட்டது. "வினையூக்கி சமநிலையை வலப்பக்கம் நகர்த்தும்" என்று எழுதும் மாணவர், தனக்கே தெரியாமல் இந்த மூன்றாவது ஓட்டத்தைத்தான் எழுதுகிறார்.

படி 3: ஒரே சிகரம், இரண்டு பக்க ஏற்றம்

ஒரு வினை நடக்க மூலக்கூறுகள் ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். மேட்டின் உயரத்தைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். முன்னோக்கிப் போக ஏற வேண்டிய உயரம் 80 கிலோஜூல், பின்னோக்கி வர ஏற வேண்டியது 100 கிலோஜூல் என்று வையுங்கள். வித்தியாசம் 20. அதுதான் வினையில் வெளியேறும் வெப்பம்.

வினையூக்கி வேறொரு தாழ்வான பாதையைத் திறக்கிறது. உச்சி 30 கிலோஜூல் இறங்குகிறது என்போம். உச்சி ஒன்றுதான், இரு பக்கத்துக்கும் பொது. ஆக முன்னோக்கி ஏற வேண்டிய உயரம் 50 ஆகிறது, பின்னோக்கி ஏற வேண்டியது 70 ஆகிறது. வித்தியாசம் அதே 20. இரண்டு அடிவாரங்களையும் வினையூக்கி தொடவே இல்லை, ஒரே வெப்பநிலையில் சமநிலை மாறிலியோ அந்த அடிவாரங்களைத்தான் பார்க்கிறது, உச்சியை அல்ல.

30 கிலோஜூல் இறக்கம் என்பது சின்ன விஷயமல்ல. கிளர்வு ஆற்றலையும் வேகத்தையும் இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் 300 கெல்வினுக்குப் போட்டால், வேகம் சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம் மடங்கு கூடும். முன்னோக்கு வினைக்கும் அதே மடங்கு, பின்னோக்கு வினைக்கும் அதே மடங்கு. இரண்டையும் வகுத்தால் அடிபட்டுப் போய்விடும்.

எஸ்டர் வினைக்கே திரும்பிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கந்தக அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி, அசிட்டிக் அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜனில் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஆக்சிஜனில்) போய் உட்காருகிறது. பக்கத்துக் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்குகிறது. எத்தனால் அதைத் தாக்குகிறது, நீர் வெளியேறுகிறது, ஹைட்ரஜன் அயனியும் கழன்றுகொள்கிறது. எஸ்டர் உடையும்போது? அதே அயனி எஸ்டரின் கார்பனைல் ஆக்சிஜனில் உட்காருகிறது, இந்த முறை தாக்குவது நீர், வெளியேறுவது எத்தனால். ஒரே படக்காட்சியைப் பின்னாலிருந்து ஓட்டினாற்போல. ஒரு திசைக்கு மட்டும் திறந்துவிட்டு இன்னொரு திசைக்குப் பூட்டிவைக்க அந்த அயனிக்கு வழியே இல்லை.

நம் ரத்தத்திலும் இதே கதைதான். சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. தசைகளில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதால், அதை நீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக்குகிறது. அதே சிவப்பணு நுரையீரலுக்குப் போனதும், அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டிருப்பதால், அதே நொதி பைகார்பனேட்டைத் திரும்ப வாயுவாக்குகிறது. நொதிக்குத் திசை தெரியாது. திசையைச் சொல்வது சுற்றியிருக்கும் செறிவு.

படி 4: இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள்

மூலக்கூறு, மேடு, அயனி எதுவும் தெரியாமலேயே இதை நிரூபிக்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி.

ஒரு உருளையில் நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூன்றும் சமநிலையில் இருக்கின்றன. மேலே நகரக்கூடிய ஒரு பிஸ்டன். வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்கிறோம். அம்மோனியா உண்டானால் 4 மோல் வாயு 2 மோலாகச் சுருங்கும், பிஸ்டன் இறங்கும்.

இப்போது ஒரு மாய வினையூக்கி சமநிலையை அம்மோனியா பக்கம் நகர்த்துகிறது என்று வையுங்கள். ஊக்கியை உள்ளே விட்டால் பிஸ்டன் இறங்கும். மூடிவைத்தால் பழைய சமநிலைக்குத் திரும்பவேண்டும், பிஸ்டன் ஏறும். திறந்து மூடி, திறந்து மூடி, பிஸ்டனோடு ஒரு சக்கரத்தை இணைத்துவிட்டால் எரிபொருளே இல்லாமல் காலத்துக்கும் மாவரைக்கலாம். ஒரே வெப்பநிலையில் இருக்கும் வெப்பத்தை மட்டும் எடுத்துத் தொடர்ந்து வேலையாக்க முடியாது என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி; அப்படியொரு இயந்திரத்தை அது அனுமதிக்காது. ஆகவே அப்படியொரு வினையூக்கியும் கிடையாது.

படி 5: அப்படியானால் வினையூக்கிக்காக ஏன் அத்தனை பாடு?

நியாயமான கேள்வி. கடைசி அளவை மாற்றாத ஒன்றுக்காகத் தொழிற்சாலைகள் ஏன் கோடிகளைக் கொட்டுகின்றன? அம்மோனியாவின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா

இது வெப்ப உமிழ் வினை, சமன்பாட்டின்படி சுமார் 92 கிலோஜூல் வெளியேறும். லீ சாட்லியர் தத்துவப்படி (ஒரு மாற்றம் வந்தால் அதைக் குறைக்கும் பக்கமாகச் சமநிலை நகரும்) குளிர்ச்சியும் அதிக அழுத்தமும் அம்மோனியாவுக்குச் சாதகம். ஒன்றுக்கு மூன்று என்ற கலவையில், 300 வளிமண்டல அழுத்தத்தில், சமநிலையில் இருக்கும் அம்மோனியா 200 டிகிரி செல்சியஸில் சுமார் 90 சதவீதம், 400 டிகிரியில் 47, 500 டிகிரியில் 26.

அப்படியானால் 200 டிகிரியிலேயே ஓட்டிவிடலாமே? ஓடாது. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 940 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். குளிரில் அது அசையவே அசையாது. 90 சதவீதம் என்ற எண் தாளில் இருக்கும், உருளையில் வராது. சூடேற்றினால் வேகம் வரும், ஆனால் சமநிலை கையைவிட்டுப் போகும். 1904-05-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் இரும்பை ஊக்கியாக வைத்து சுமார் 1000 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் அளந்தபோது கிடைத்த அம்மோனியா ஏறக்குறைய 0.01 சதவீதம். ஒரு வணிகனிடம் காட்டக்கூடிய எண்ணா அது?

தத்துவத்துக்குப் பெயர் கொடுத்த லீ சாட்லியரே 1901-இல் அதிக அழுத்தத்தில் இதை முயன்றார். கருவிக்குள் காற்று கலந்து வெடித்தது, அவர் விட்டுவிட்டார்.

வினையூக்கியின் வேலை இங்கேதான் வருகிறது. சமநிலையை அது நகர்த்தவில்லை. ஆனால் வெப்பநிலையைக் குறைக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தது, வெப்பநிலை குறைந்தது சமநிலையை நகர்த்தியது. 1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் ஹேபரும் ராபர்ட் லெ ரொசினோலும் ஆஸ்மியத்தை ஊக்கியாக வைத்து, உயர் அழுத்தத்தில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதை பாஸ்ஃப் (BASF) என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தாருக்குக் காட்டினார்கள். ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் அந்நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த இரும்புக்கு வந்து சேர்ந்தார். அதே நிறுவனத்தின் கார்ல் போஷ் பொறியியல் சிக்கல்களைத் தீர்த்தார், 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடியது. இன்றும் அம்மோனியா ஆலைகளில் பெரும்பாலும் அதே இரும்பு வம்சம்தான்.

இன்றைய ஆலைகள் பொதுவாக 400 முதல் 500 டிகிரிக்குள் ஓடுகின்றன. ஒருமுறை ஊக்கிப் படுகையைக் கடக்கும்போது வாயுவில் ஒரு பகுதிதான் அம்மோனியாவாகிறது. அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மீதியைத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். விளைபொருளை அகற்றிக்கொண்டே இருப்பதால் வினையால் சமநிலையில் போய் உட்கார முடிவதில்லை. வேகத்தைக் கொடுப்பது ஊக்கி, விளைச்சலைக் கொடுப்பது இந்தச் சுழற்சி.

இதே இரும்பு அம்மோனியாவை நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கவும் உதவும். மூன்றாம் படியைப் படித்தவருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

படி 6: கால் வழுக்கும் இடங்கள்

முதலாவது, எஸ்டர் வினையிலேயே இருக்கிறது. ஆய்வகத்தில் சில துளிக்குப் பதிலாக நிறைய அடர் கந்தக அமிலம் ஊற்றினால் எஸ்டர் உண்மையிலேயே கூடும். "அப்போ வினையூக்கி நகர்த்திவிட்டதே!" என்று கை உயரும். நகர்த்தியது வினையூக்கி அல்ல. அடர் கந்தக அமிலம் தண்ணீரை உறிஞ்சும் பேராசைக்காரன். விளைபொருளில் ஒன்றான நீரை அது பிடித்துவைத்துக்கொள்வதால் வினை வலப்பக்கம் போகிறது. ஒரே பாட்டிலில் இரண்டு வேலைக்காரர்கள்: துளியளவில் ஊக்கி, ஊற்றும் அளவில் நீர்நீக்கி.

இரண்டாவது, பல வினைகள் போட்டியிடும்போது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் நிக்கல் மேல் விட்டால் மீத்தேன் வரும். தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த ஊக்கியின் மேல் அழுத்தத்தில் விட்டால் மெத்தனால் வரும். ஊக்கி விளைபொருளையே மாற்றிவிட்டதுபோல் தோன்றும். இரண்டு வினைகளின் சமநிலை மாறிலியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எந்தக் கதவைத் திறப்பது என்பதை மட்டும் ஊக்கி தேர்ந்தெடுக்கிறது.

மூன்றாவது கொஞ்சம் நம் ஊர்ச் சமாச்சாரம். 1996-இல் தண்ணீரில் மூலிகை போட்டால் பெட்ரோல் கிடைக்கும் என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, ஆற்றலில் ஏற்கனவே அடிவாரத்தில் கிடப்பது. எந்த ஊக்கியும் மேட்டைத்தான் குறைக்கும், அடிவாரத்தைத் தூக்காது. வெளியிலிருந்து ஆற்றல் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

படி 7: கணக்கை இந்த வரிசையில் போடுங்கள்

கேள்வியில் எது மாறியது என்று முதலில் பாருங்கள். செறிவோ அழுத்தமோ மாறினால் சமநிலை நகரலாம், மாறிலி நகராது. வெப்பநிலை மாறினால் மாறிலியே மாறும். வினையூக்கி என்றால் நேரம் மட்டும் மாறும். இவ்வளவு தெரிந்தால் பாதிக் கேள்விகள் எழுதாமலேயே முடிந்துவிடும். மிச்சப் பாதிக்கு, வினை குணகத்தைப் (மாறிலிக்குப் போட்ட அதே வகுத்தலை, அந்த நேரத்தில் இருக்கும் அளவுகளை வைத்து) போட்டு மாறிலியோடு ஒப்பிடுங்கள். குணகம் சிறியதாக இருந்தால் வினை வலப்பக்கம் போகும், பெரியதாக இருந்தால் இடப்பக்கம்.

எஸ்டர் வினையில் எத்தனாலை இரட்டிப்பாக்குவோம்: 1 மோல் அமிலம், 2 மோல் எத்தனால். உண்டாகும் எஸ்டர் "ம" என்றால் ம² = 4 × (1 − ம) × (2 − ம). விரித்தால் 3ம² − 12ம + 8 = 0. தீர்வு 0.845. மூன்றில் இரண்டாக இருந்த விளைச்சல் 84.5 சதவீதமாகிவிட்டது. வினையூக்கியால் முடியாததை இன்னொரு மோல் எத்தனால் செய்துவிட்டது.

கடைசியாக ஒன்று. தலா 1 மோல் அமிலமும் எத்தனாலும் கலந்து, சில துளி கந்தக அமிலத்தோடு சமநிலைக்கு வந்திருக்கிறது. எஸ்டர் 0.667 மோல். இதில் இன்னும் ஒரு துளி கந்தக அமிலம் விட்டால்? ஒன்றும் ஆகாது. அதற்குப் பதிலாக 1 மோல் தண்ணீர் ஊற்றினால்?

வினை குணகம் முதலில். நீர் 1.667, எஸ்டர் 0.667, பெருக்கினால் 1.11. கீழே 1/3 × 1/3, அதாவது 0.111. குணகம் 10. மாறிலி 4. ஆக, வினை இடப்பக்கம் போகவேண்டும். புதிய சமநிலைக்கு ம × (1 + ம) = 4 × (1 − ம)². விரித்தால் 3ம² − 9ம + 4 = 0, தீர்வு 0.543. எஸ்டர் 0.667-லிருந்து 0.543-க்கு இறங்கிவிட்டது. சற்று முன்பு அந்த எஸ்டரைக் கட்டித்தந்த அதே சில துளி அமிலம்தான் இப்போது மும்முரமாக நின்று அதை உடைத்துக்கொண்டிருக்கிறது.